வாசல் வரை வரும் காட்டுயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

காட்டோரக் குடியிருப்புகளில் வசிப்பவர்களும் மலைப்பாதைகளில் நடப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மழைக்கு மறுநாள் தோட்டத்து ஈர மண்ணில் பெரிய கால்தடம் தெரிந்தது. சிறுத்தை என்கிறார் காவலாளி. தெருநாய் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் நகத்தைப் பாருங்கள். நாயின் நகம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரல் பதிவுக்கு முன்னால் சின்னப் புள்ளியாக விழும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை ஊன்றும். கெட்டி மண்ணில் நாயின் நகம் பதியாமலும் போகும்.

அடுத்து, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு. சிறுத்தைக்கு அது மூன்று புடைப்பாக இருக்கும்; நாய்க்கு அத்தனை தெளிவாக இராது. மொத்தத் தடமும் சிறுத்தைக்கு உருண்டை, நாய்க்கு நீளவாட்டம். நாய்த் தடத்தின் மேல் மனதுக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள். கோடுகள் விரல்களையும் மெத்தையையும் தொடாமல் இடைவெளி வழியே போகும். சிறுத்தையின் மெத்தை பெரிது, விரல்கள் அதைச் சுற்றி வளைந்து நிற்கும். அந்தக் குறி எங்கேயாவது இடிக்கும்.

வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏறக்குறைய 7 முதல் 9 செ.மீ. அகலம். 5 செ.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் காட்டுப்பூனை. படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து, காலைச் சாய்வெயிலில் எடுங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, பள்ளம் மேடு தெரியாது. ஒரு தடம் போதாது, வரிசையாக நாலைந்து வேண்டும். படம் முதலில் போக வேண்டியது வனத்துறைக்கு. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சாயங்காலத்துக்குள் அது புலியாகிவிடும்.

கேள்வி: குடியிருப்பின் கேமராவில் நள்ளிரவு ஒரு சிறுத்தை நடந்து போவது பதிவாகியிருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைதூரக் காட்டில் விடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். பலன் இருக்குமா?

பதில்: நடந்து போன சிறுத்தைக்குக் கூண்டு கேட்காதீர்கள். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் சில ஆண்டுகள் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. கொண்டுபோய் விட்ட இடங்களின் அருகிலும் ஆட்கள் தாக்கப்பட்டார்கள். ஆள் கண்ணில் படாமல் கரும்பு வயலுக்குள் வாழப் பழகிய விலங்கை, கூண்டுக் காயத்தோடு முன்பின் தெரியாத நிலத்தில் இறக்கிவிட்டால் அது மிரண்டு அலையும். பழைய இடம் தேடிப் பல கிலோமீட்டர் நடக்கும். காலியான இடத்திலோ இன்னொரு சிறுத்தை வந்து உட்காரும். ஆளைத் தாக்கிய விலங்கு என்றால் கதை வேறு. அப்போதும் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும்.

அது உங்கள் தெருவுக்கு வந்தது பெரும்பாலும் நாய்க்காக. குப்பை குவிந்தால் நாய் கூடும், நாய் கூடினால் சிறுத்தை வரும். மனுவை நகராட்சிக்கு, குப்பையைத் தினமும் எடுக்கச் சொல்லி எழுதினால் பலன் அதிகம். வளர்ப்பு நாயை இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள். சங்கிலியில் கட்டிய நாய் தப்பவும் முடியாது. ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் நாலு பக்கமும் அடைத்துவிட்டு மேலே திறந்து வைப்பவர்கள் நிறையப் பேர். சிறுத்தை மேல் வழியாகத்தான் இறங்கும். கூரையும் கம்பிவலையாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து பத்து மீட்டருக்குப் புதரை வெட்டி விடுங்கள். இருட்டிய பின் குழந்தைகள் வெளியே தனியாகக் குந்தியிருக்க வேண்டாம். தாழ்ந்த உருவம் அதற்கு இரையைப் போலத் தெரியும்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள், குனியாதீர்கள். கூட இருக்கும் குழந்தையை, பார்வையை விலக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள். கைகளை உயர்த்தி, உரக்கப் பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். அதற்குப் போக ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் முதலில் அங்கிருந்து விலகுங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, வனத்துறையை அழைத்து, கூட்டத்தைக் கலைப்பதுதான் வேலை. சிறுத்தை பலரை அடுத்தடுத்துக் காயப்படுத்திய சம்பவங்களில் பல, பட்டப்பகலில் ஊரே திரண்டு அதைச் சுற்றி வளைத்தபோது நடந்தவை.

கேள்வி: வீட்டுக்குள் பாம்பு வராமலிருக்கப் பூண்டுச் சாறு, கந்தகத் தூள், கார்பாலிக் அமிலம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: எதுவும் இல்லை. அந்த வாடையைத் தாண்டிப் பாம்பு தாராளமாகப் போகும். கார்பாலிக் அமிலம் தோலைப் பொசுக்கும், உடலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தை தவழும் வீட்டில் அதைத் தெளிப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், ஒதுங்க இருட்டான இடுக்குக்கும். ஆகவே இடுக்கை அடையுங்கள். 6 மி.மீ. இடைவெளி சுண்டெலிக்குப் போதும், ஒரு செ.மீ. இருந்தால் குட்டிப் பாம்பு எளிதாக நுழையும். கதவின் அடியில் தரையைத் தொடும்படி ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைச் சாக்கடை வாய்க்குச் சிறுகண் சல்லடை போடுங்கள். பல வீடுகளில் பாம்பு வந்த வழி அதுதான். மோட்டார் குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து மூடுங்கள். நுரை அடைப்பான் மட்டும் வைத்தால் எலி கடித்துத் திறந்துவிடும். விறகு, செங்கல், தேங்காய் மட்டை அடுக்கைச் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை போட்டு அடுக்குங்கள். ஜன்னலைத் தொடும் கொடியையும் கிளையையும் வெட்டுங்கள். கோழித் தீவனம் சிந்திக் கிடந்தால் எலிக்குப் பந்தி, மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

முற்றத்தில் போகும் பாம்பை விட்டுவிடுங்கள், போய்விடும். உள்ளே வந்துவிட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். பாம்பு தன் உடல் நீளத்தில் பாதித் தூரம் வரை பாய்ந்து கொத்தும். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். “இது விஷமில்லாதது” என்று பட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரைப் பக்கத்தில் விடாதீர்கள். கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்ட விஷமற்ற பாம்பு உண்டு. தவறு எந்தப் பக்கம் நேரும் என்பது முன்கூட்டித் தெரியாது.

கேள்வி: பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டலாமா? அடித்த பாம்பைக் கொண்டுபோனால்தான் மருந்து கொடுப்பார்களாமே?

பதில்: இரண்டும் வேண்டாம். இறுக்கிக் கட்டினால் கீழே இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். ஆஸ்பத்திரியில் அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு மொத்தமாக உள்ளே பாயும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல். கடிபட்டவரைப் படுக்கவைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கை அல்லது காலை முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் சட்டம் வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க வைக்காதீர்கள். கடித்த நேரத்தையும், பின்பு தோன்றிய ஒவ்வொரு அறிகுறியின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் இந்தியாவில் தரப்படுவது ஒரே கூட்டு நஞ்சுமுறி மருந்து. செத்த பாம்பு தேவையே இல்லை. அறுந்த தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். (இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.) மருத்துவர் இரண்டு மி.லி. இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி என்று வைத்துச் சிகிச்சை தொடங்கும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி இராது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம் என்றால் வாயுத் தொல்லை என்று உட்காராதீர்கள். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தரையில் படுக்க வேண்டியிருந்தால் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வது நல்ல காவல்.

கேள்வி: காட்டுப்பன்றிக்காகச் சூரிய மின்வேலி போட்டேன். முதல் இரண்டு மாதம் நன்றாக வேலை செய்தது. இப்போது பன்றி சர்வசாதாரணமாக நுழைகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி பழுதாவது அபூர்வம். முதல் சந்தேகம் புல், இரண்டாவது எர்த்.

கம்பியைத் தொடும் ஒவ்வொரு ஈரப் புல்லும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும். வேலியின் இரு பக்கமும் அரை மீட்டர் வெறும் தரையாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால்தான் தாங்கும்.

எர்த் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு கம்பியை இரண்டடி அடித்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். 1.8 மீட்டர் நீளமுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பிகள் மூன்றை, மூன்று மீட்டர் இடைவெளியில் அடித்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு வழி: கருவியை நிறுத்திவிட்டு, நூறு மீட்டர் தள்ளி நாலைந்து இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலியின் மேல் சாய்த்து வையுங்கள். கருவியைப் போட்டால் வேலி மின்னழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இப்போது வேலி மீட்டரின் ஒரு முனையைக் கடைசி எர்த் கம்பியிலும் மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னும் கம்பி அடியுங்கள். கோடையில் மண் காய்ந்ததும் வேலி செத்துப்போவதன் காரணமும் இதுதான். எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கம்பிகளைத் தொடும்போதும் எடுக்கும்போதும் கருவி அணைந்திருக்க வேண்டும்.

உயரத்தையும் சரிபாருங்கள். கீழ்க் கம்பி 20 செ.மீ., அடுத்தது 45 செ.மீ. பன்றி ஈரமூக்கால் தொட்டுப் பார்க்கும் விலங்கு. மூக்கில் அடி விழுந்தால் பின்வாங்கும். கம்பி உயரமாக இருந்து, மயிர் அடர்ந்த முதுகில் பட்டால் அதிர்ச்சி உறைக்காது. உறைத்தாலும் முன்னோக்கித்தான், அதாவது உங்கள் வயலுக்குள்தான் பாயும்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கலாமா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. குற்றம் என்பது ஒரு பக்கம். மின்வேலிக் கருவி நொடிக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடிப்பு அனுப்பும். தொட்டவர் கையை எடுத்துவிடலாம். வீட்டு மின்சாரம் விடாமல் ஓடி, தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதில் விழுவது பன்றி மட்டுமல்ல, யானையும், அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளும்தான்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு நிற்கிறது. சாதுவாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் கடந்து போகலாமா?

பதில்: எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள். தலை குனிந்து மேய்ந்தால் கவலை குறைவு. உடம்பின் பக்கவாட்டை உங்களுக்குக் காட்டி, விறைப்பாக, மெதுவாக அடியெடுத்து வைத்தால் அது ‘நான் எவ்வளவு பெரியவன் பார்’ என்கிறது. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும், ஒப்புக்கொண்டு திரும்பிவிடுங்கள். மூக்கால் சீறுவது அடுத்த எச்சரிக்கை. அந்தியில் தேயிலை வரிசைக்குள் படுத்திருக்கும் மாட்டை மிதிக்காத குறையாகப் போய்க் குத்துப்படுபவர்களும் உண்டு. டார்ச் இல்லாமல் குறுக்குவழி வேண்டாம்.

கேள்வி: கரடி வந்தால் செத்ததுபோல் படுக்க வேண்டும் என்கிறது ஒரு வீடியோ. திருப்பி அடிக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

பதில்: அவை அமெரிக்கக் கரடிகளுக்குச் சொன்னவை. நம் காடுகளில் இருப்பது தேன்கரடி. புலியோடும் சிறுத்தையோடும் வாழ்வதால், திடீரென்று கிட்டத்தில் எதைக் கண்டாலும் முதலில் தாக்கிவிட்டுப் பிறகு ஓடும் சுபாவம். ஆகவே திடீரென்று எதிர்ப்படாமல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு. கறையான் புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும் சத்தத்தில் நீங்கள் வருவது அதற்குக் கேட்காது. புதிதாகத் தோண்டிய புற்று, உதிர்ந்த பழம், பாறை இடுக்கு, உண்ணிச்செடிப் புதர் உள்ள இடங்களில் உரக்கப் பேசிக்கொண்டு, கழியால் தட்டிக்கொண்டு, கூட்டமாக நடங்கள். விடியலிலும் அந்தியிலும் போகாதீர்கள்.

தூரத்தில் பார்த்தால் வந்த வழியே திரும்புங்கள். மரம் ஏறித் தப்ப முடியாது, அது உங்களைவிட நன்றாக ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரையோடு அழுத்திக்கொள்ளுங்கள். தேன்கரடி குறிவைப்பது முகத்தையும் தலையையும்தான். முதுகுப்பை இருந்தால் கழற்றாதீர்கள்.

கேள்வி: குரங்கு பையைப் பிடித்து இழுத்தால்?

பதில்: விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். இரண்டுமே அதன் வழக்கத்தில் சண்டைக்கு அழைப்பு. வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு நகருங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்குங்கள். இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எல்லா விலங்குக்கும் ‘ஓடாதே’ என்கிறீர்கள். ஓட வேண்டிய விலங்கே கிடையாதா?

பதில்: உண்டு, மலைத்தேனீ. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும். புகை, பட்டாசு, கல்லெறி, சில சமயம் தேன்பருந்து வந்து அடையைக் கிழிப்பது என ஏதாவதொன்று கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கதவுள்ள இடம் கிடைக்கும் வரை ஓடுங்கள். கையால் அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாடை மற்றவற்றை அங்கேயே வரவழைக்கும். தண்ணீரில் குதித்தால் மேலே காத்திருக்கும். பத்திரமான இடத்துக்கு வந்ததும் கொடுக்குகளை நகத்தால் உடனே வழித்தெடுங்கள். பிய்ந்து நிற்கும் கொடுக்கு தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். மூச்சு இறுக்கம், முகவீக்கம், மயக்கம் தெரிந்தால் ஒரே கொட்டானாலும் ஆஸ்பத்திரி.

கேள்வி: இரவில் யானை வீட்டுப் பக்கம் வந்தால் விளக்கைப் போடலாமா, அணைக்கலாமா?

பதில்: வெளிவிளக்கு எரியட்டும். ஆள் வெளியே வராமலிருப்பதுதான் முக்கியம். அரிசி மூட்டை, உப்பு, பழுத்த பலா, வாழைத்தார் ஆகியவற்றை வெளிச்சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள். வாடை பிடித்துச் சுவரை இடிக்கும். அது தோட்டத்தில் நிற்கும்போது பட்டாசு வெடிப்பது, முகத்தில் டார்ச் அடிப்பது, நாயை அவிழ்த்து விடுவது மூன்றும் ஆபத்து. துரத்தப்பட்ட நாய் ஒளிய வரும் இடம் உங்கள் காலடி.

யானையால் உயிரிழந்தவர்களில் பலர் அது அங்கே நிற்பதே தெரியாமல் போனவர்கள். அதனால்தான் வால்பாறையில் யானைக்கூட்டம் நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாட்டையும், தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளையும் கொண்டுவந்தார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கிளை முறியும் சத்தம், சூடான சாணம் இரண்டையும் கவனியுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக நீர் வழியும் தனி ஆண்யானை என்றால் மதம் கொண்டிருக்கிறது. வழக்கமான தூரத்தைப்போல் இரண்டு பங்கு விலகுங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம். காரில் இருந்தால் தொலைவிலேயே நிறுத்தி, ஹாரனும் உயர்விளக்கும் இல்லாமல், பின்னால் எடுக்க இடம் வைத்துக் காத்திருங்கள். உங்கள் பின்னால் வரிசையாக வண்டிகள் வந்து ஒட்டி நிற்பதுதான் பெரிய சிக்கல். பின்னால் வருபவரை முதலில் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டுக் கூரைக்குள் இரவெல்லாம் ஏதோ ஓடுகிறது. மரநாய் என்கிறார்கள். எப்படி அனுப்புவது?

பதில்: சுவர் மேல் பழக்கொட்டைகள் நிறைந்த கழிவு கிடந்தால் மரநாயேதான். அவசரப்பட்டு ஓட்டையை அடைக்காதீர்கள். உள்ளே குட்டி இருந்தால் தாய் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு வரும், குட்டி செத்தால் வாரக்கணக்கில் நாறும். பகலில் நுழைவிடத்தின் விளிம்பில் மாவு தூவி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே போன தடம் தெரிகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் காது கொடுங்கள். உள்ளே கீச்சென்ற சத்தம் கேட்டால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கிவிடும். சத்தமே இல்லையென்றால் அன்றிரவே அரையங்குலக் கம்பிவலையை ஆணியடித்து மூடுங்கள். மறுநாள் மாலை உள்பக்கமும் மாவு தூவிச் சரிபாருங்கள். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை இரண்டு மீட்டர் வெட்டிவிடவும் மறக்காதீர்கள்.